தூணெனப் பெயர் பெற்றவர்

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுது. கல்லூரி மைதானத்தின் ஓரத்திலே வேப்பமர நிழலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். மாணவர்களுக்கு உதைபந்தாட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சி அளிக்கும் ஆசிரியர் பதினொருவரைத் தெரிந்து, இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவர் நடுக்களத்தில் நிறுத்தினார். பையனுடைய முகம் அக்கணமே வாடிவிட்டது. இடைவேளையில் அவன் எம்மிடம் வந்தான்.

"சேர், எனக்கு நடு வேண்டாம். முன்னுக்கு விடச் சொல்லுங்கோ. நடுவிலை நிற்கிறவனை ஆருக்குத் தெரியும்? கோல் அடிக்கிறவன்ரை பேரைத்தானே எல்லாரும் சொல்லுகினம்" என்று முறையிட்டான்.

"ஆசிரியர் சொன்ன இடத்தில் நில், போ" என்று கூறி அவனை அனுப்பிவிட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

வீடு திரும்பிய பின்னர் எமக்கு மனம் உறுத்தியது. நாம் சொன்னது கட்டளையேயன்றி விடையன்று. பையன் கேட்டதோ நேர்மையான கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நிற்கும் ஒருவர், கேள்வி கேட்ட பிள்ளையை விடையின்றித் திருப்பி அனுப்பலாமோ? ஆகவே அவனுக்குச் சொல்லத் தவறியதை இவ்வாரம் இங்கே எழுதுகின்றோம். அவனைப் போன்ற வேறு பிள்ளைகளும், அவர்களைப் பெற்றோரும் இதனைப் படிப்பாராயின் எமக்கு மகிழ்ச்சியே.

நாம் சொல்லப்போவது மாரியோ கொலூனா என்னும் போர்த்துக்கேய உதைபந்தாட்ட வீரரின் வரலாறு.

பெயரும் பொருளும்

போர்த்துக்கேய மொழி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் அமரும் கதிரையும், திறக்கும் யன்னலும், காலையில் உண்ணும் பாணும், காலில் அணியும் சப்பாத்தும் அம்மொழியிலிருந்து வந்த சொற்களே. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் போய்விட்டனர். அவர்களுடைய சொற்கள் எம் வீடுகளிலே தங்கிவிட்டன. அம்மொழியிலே 'கொலூனா' என்றால் தூண் என்பது பொருள்.

பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் அமைவது அரிது. கண்ணாயிரம் என்று பெயர் பெற்றவர் மூக்குக்கண்ணாடியின்றி நடக்க இயலாதிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆயின் கொலூனாவின் வாழ்விலே பெயரும் தொழிலும் ஒன்றாயின. கோயில் மண்டபத்துக்குச் செல்வோர் கோபுரத்தைக் கண்டு வியப்பர். விதானத்துச் சித்திரங்களை அண்ணாந்து பார்ப்பர். தூணிலே முதுகைச் சாய்த்துக்கொண்டு இளைப்பாறுவர். பாரத்தைத் தாங்குவது எது என்று எவரும் கேட்பதில்லை.

ஆபிரிக்கக் கரையிலிருந்து

கொலூனா 1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆந் திகதி ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக்கிலே பிறந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை நோக்கி வந்த வழியிலே தங்கிச் சென்ற நாடு அது. அதன் பின்னர் போர்த்துக்கேயர் அங்கே காலூன்றி, 1975 வரை அதனை விட்டு அகலாதிருந்தனர். கொலூனாவின் தந்தையார் போர்த்துக்கேயர். தாயார் மொசாம்பிக்கு நாட்டவர். ஆள்வோரின் இரத்தமும் ஆளப்படுவோரின் இரத்தமும் ஓர் உடலிலே கலந்து ஓடின.

இன்று மப்பூட்டோ எனப்படும் தலைநகர் அந்நாளில் லோரென்சோ மார்க்கிஸ் என்று அழைக்கப்பட்டது. அந்நகரின் டெஸ்போர்த்திவோ கழகத்திலே இளைஞர் கொலூனா ஆடத் தொடங்கினார். உயர்ந்த உடற்கட்டும், பந்தைத் தூரத்திலிருந்தே வேகமாக உதைக்கும் வலிமையும் அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தன. அவர் புகழ் கடல் கடந்து லிஸ்பனை எட்டியது. 1954இல், பத்தொன்பதாம் வயதில், லிஸ்பன் நகரத்துப் பென்பிக்காக் கழகத்திலே அவர் சேர்ந்தார்.

1904இல் நிறுவப்பட்ட அக்கழகத்துக்கு அது சோர்வான காலம். அதே நகரத்தின் ஸ்போர்ட்டிங் கழகம் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நாட்டின் முதன்மைப் பட்டத்தைத் தட்டிச் சென்றிருந்தது. 1954இலே பென்பிக்காவுக்கு மூன்று நன்மைகள் ஒருங்கே வாய்த்தன. லூஸ் என்னும் புதிய விளையாட்டரங்கு அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி திறக்கப்பட்டது. பிரேசில் நாட்டவரான ஓட்டோ குளோரியா பயிற்றுநராக வந்தார். மூன்றாவது நன்மை கொலூனாவின் வருகை. அந்த முதற் பருவத்திலேயே நாட்டுப் பட்டமும் நாட்டுக் கிண்ணமும் பென்பிக்காவுக்குக் கிடைத்தன.

முன்னிருந்து நடுவுக்கு

எம் மாணவன் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கொலூனா லிஸ்பனுக்கு வந்தது நடுவில் ஆடுவதற்கன்று. அவர் முன்னணி வீரர், கோல் போடுபவர். ஊரிலே அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அத்தொழிலே. ஆயின் பென்பிக்காவின் முன்னணி நடுவிடத்திலே, அங்கோலாவிலிருந்து வந்த ஜொசே ஆகுவாஸ் என்னும் சிறந்த வீரர் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார். ஓர் உறைக்குள் இரண்டு வாள்கள் எங்ஙனம் அடங்கும்?

குளோரியா கொலூனாவின் கால்களை மட்டும் பார்க்கவில்லை. அவருடைய கண்களையும் பார்த்தார். பந்து தம்மிடம் வருமுன்னரே அது அடுத்து எங்கே போகவேண்டும் என்பதை அறிந்துவிடும் கண்கள் அவை. அதனால் அவரைப் பின்னுக்கு இழுத்து நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார்.

கோல் போட்டுப் பழகிய ஓர் இளைஞனுக்கு, அதுவும் தாய்நாட்டைப் பிரிந்து வந்த ஒருவனுக்கு, இது எளிதில் விழுங்கக்கூடிய மாற்றமன்று. ஆயினும் கொலூனா அப்புதிய இடத்தைத் தண்டனையாகக் கொள்ளவில்லை. அதனைத் தம் இடமாக்கிக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் அவரை அங்கிருந்து எவராலும் அசைக்க இயலவில்லை.

நடுக்களத்தின் தொழில்

உதைபந்தாட்டம் பார்த்துப் பழகாத தாய்மாருக்காக ஒரு சிறு விளக்கம் கூறுவோம். பதினொருவரில் ஒருவர் பந்துகாப்பாளர். எஞ்சிய பதின்மரில் சிலர் தம் வாயிலைக் காப்பர். சிலர் எதிரியின் வாயிலைத் தாக்குவர். இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்பவரே நடுக்கள வீரர். காப்போர் பறித்த பந்தைத் தாக்குவோரிடம் சேர்ப்பது அவர் கடமை. தாக்குவோர் பந்தை இழந்தால் ஓடிப் பின்வந்து தடுப்பதும் அவர் கடமை. ஆட்டம் எப்பொழுது விரைய வேண்டும், எப்பொழுது தணிய வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. பெரிய குடும்பத்திலே மூத்த மருமகள் படும் பாடு என்று கூறினால் எம் வாசகியர்க்கு விளங்கும். அடுப்படியும் அவள் பொறுப்பு. முன்விறாந்தையும் அவள் பொறுப்பு.

அக்காலத்தில் இச்சுமை இன்றிலும் கூடியது. 1959இல் பென்பிக்காவின் பயிற்றுநராக வந்த பெலா குட்மன் ஹங்கேரி நாட்டவர். பிரேசிலின் சாவோ பாவுலோக் கழகத்தையும் பயிற்றியவர். காவலுக்கு நால்வர், தாக்குதலுக்கு நால்வர், நடுவிலே இருவர் என்பது அவர் கைக்கொண்ட வியூகம். எட்டுப் பேருக்கு இடையில் இருவர்! அவ்விருவருள் ஒருவர் தளர்ந்தாலும் அணி இரண்டாக முறிந்துவிடும். குட்மன் அத்துணிச்சலை மேற்கொண்டதற்குக் காரணம் கொலூனா அங்கு நின்றமையே என்று நாம் கருதுகின்றோம்.

இரண்டு இரவுகள்

ஐரோப்பியக் கழகங்களுக்கான வெற்றிக்கிண்ணம் 1956இல் முதன்முறை வழங்கப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுகளும் ஸ்பெயின் நாட்டு ரியல் மட்ரிட் கழகமே அதனை வென்றது. ஆறாம் ஆண்டில் ரியல் மட்ரிட்டை வெளியேற்றிய பார்சலோனாவும் பென்பிக்காவும் இறுதியாட்டத்தில் எதிர்நின்றன. இடம் சுவிற்சர்லாந்தின் பேண் நகர். நாள் 1961 மே 31.

பார்சலோனாவே முதற் கோலைப் பெற்றது. பின்னர் ஆகுவாஸ் சமப்படுத்தினார். அடுத்த நொடிகளில் பார்சலோனாப் பந்துகாப்பாளரின் தவறினால் இன்னொரு கோல் விழுந்தது. இடைவேளைக்குப் பின்னர், தூரத்தில் நின்ற கொலூனாவின் முன்னே பந்து துள்ளி வந்தது. அவர் அதனை நிலத்தில் நிறுத்தவில்லை. வந்த வேகத்திலேயே உதைத்தார். அது வலைக்குள் சென்றது. பார்சலோனா இன்னொரு கோலைப் பெற்றது. அதன் வீரர் உதைத்த பந்துகள் கம்பங்களிலே பட்டுத் திரும்பின. 3க்கு 2 என்னும் கணக்கில் பென்பிக்கா வென்றது. இரண்டு அணிகளையும் பிரித்தது நடுக்கள வீரரின் அந்த ஒரு கோலே.

மறுவருடம் 1962 மே 2ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் நகரிலே ரியல் மட்ரிட்டே எதிரி. உலகப் புகழ் பெற்ற புஸ்காஸ் இடைவேளைக்கு முன்னரே மூன்று கோல்களைத் தனியொருவராய்ப் போட்டுவிட்டார். பென்பிக்கா இரண்டைத் திருப்பியது. இடைவேளையின்போது கணக்கு 3க்கு 2; பின்தங்கியிருந்தது பென்பிக்கா. ஆட்டம் மீண்டும் தொடங்கிச் சில நிமிடங்களில், மீண்டும் கொலூனா, மீண்டும் தொலைவிலிருந்து ஓர் உதை. கணக்குச் சமமாயிற்று. அதன் பின்னர் இருபது வயது இளைஞர் ஒருவர் இரண்டு கோல்களைப் போட்டார். 5க்கு 3 என்று பென்பிக்கா வாகை சூடியது.

அவ்விளைஞரின் பெயர் யூசேபியோ. மறுநாள் உலகமெங்கும் ஒலித்த பெயரும் அதுவே. சமப்படுத்திய கொலூனாவின் பெயர் அத்துணை ஒலிக்கவில்லை. ஆகவே, எம் மாணவன் கூறியது பொய்யன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஒரு தாயின் கடிதம்

யூசேபியோவும் லோரென்சோ மார்க்கிஸ் நகரத்துப் பிள்ளையே. தந்தையை இளமையிலே இழந்தவர். 1960 டிசெம்பரிலே லிஸ்பனுக்கு வந்தபொழுது அவருக்கு வயது பதினெட்டு. அந்நகரிலே அவருக்கு உற்றார் எவருமிலர். அவருடைய தாயார், தம் மகனைக் கவனித்துக்கொள்ளுமாறு கொலூனாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார் என்று கூறுவர். மகனைக் கடல் கடந்து அனுப்பிய தாய்மார் எம்மிடையே பலர் உளர். அக்கடிதத்தின் கனம் எத்தகையது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கொலூனா அக்கடிதத்தை மறக்கவில்லை. இளைஞருக்கு அவர் தமையனுமானார், தந்தையுமானார். யூசேபியோ உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவரை வெறும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சென்யோர் கொலூனா' என்று, நாம் 'ஐயா' என்பது போல, மரியாதையோடே விளித்தார். அம்ஸ்ரர்டாம் ஆட்டத்திலே, கணக்குச் சமமாயிருந்த நேரத்தில், பென்பிக்காவுக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. அதனைத் தாம் உதைக்கலாமா என்று யூசேபியோ கொலூனாவின் அனுமதியைக் கேட்டார் என்று சொல்லப்படுகிறது. மூத்தவர் இசைந்தார், இளையவர் உதைத்தார், கோல்.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவின் தலைசிறந்த கிண்ணம் அந்த ஓர் உதையிலே தொங்கிக்கொண்டிருக்கிறது. உதைத்தவருக்குப் புகழ் நிச்சயம். முன்னொருகால் தாமே முன்னணி வீரராயிருந்தவர், அப்புகழை ஒரு பையனுக்கு விட்டுக்கொடுக்கின்றார். பையன் தவறியிருந்தால் பழி யாருக்கு? இசைந்தவருக்கன்றோ? புகழைக் கொடுத்துப் பழியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே தலைமை என்றால், அன்று தலைமைப் பட்டி அவர் கையில் இருந்ததோ இல்லையோ, தலைவர் அவரே.

நொண்டிய காலுடன்

வெற்றியின் கதையைச் சொல்லிவிட்டோம். தோல்வியின் கதையைச் சொல்லாதுவிட்டால் வரலாறு பாதியாகும்.

1963 மே 22ஆந் திகதி லண்டன் வெம்பிளி அரங்கிலே பென்பிக்கா மூன்றாம் முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரி இத்தாலியின் மிலான் கழகம். யூசேபியோவின் கோலினால் இடைவேளையில் பென்பிக்காவே முன்னணியில் நின்றது. பின்னர் மிலான் வீரர் ஒருவரின் முரட்டு மோதலினால் கொலூனாவின் பாதம் கடுமையாகக் காயமுற்றது.

இன்றைய மாணவர் ஒன்றை அறிய வேண்டும். அக்காலத்திலே காயமுற்றவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கும் வழக்கம் இல்லை. வீழ்ந்தவர் வெளியேறினால் அணி பதின்மராகச் சுருங்கும். அதனால் கொலூனா நொண்டிய காலுடன் களத்திலேயே நின்றார். ஆனால் நடுவிலே ஓடவேண்டியவர் ஓட இயலாதபொழுது அணி என்ன செய்யும்? காவலர்க்கும் தாக்குவோர்க்கும் இடையிலிருந்த பாலம் உடைந்தது. மிலான் இரண்டு கோல்களைப் போட்டு 2க்கு 1 என வென்றது.

கொலூனா முழு வலிமையோடு ஆடிய இரண்டு இறுதியாட்டங்களிலும் பென்பிக்கா வென்றது; அவர் கால் முடங்கிய ஆட்டத்திலே தோற்றது. தோல்விக்குக் காரணம் அது ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. எனினும் தூணின் அருமை அது சாயும்பொழுதே புலப்படும்.

பின்னரும் இருமுறை பென்பிக்கா இறுதிவரை வந்து தோற்றது. 1965இல் மிலான் நகரிலே இன்ரர் கழகத்திடம், பந்துகாப்பாளர் காயமுற்று வெளியேறக் காவல் வீரர் ஒருவர் அவருடைய இடத்தில் நின்று, 1க்கு 0 எனத் தோற்றது. 1968இல் வெம்பிளியில் மன்செஸ்டர் யுனைற்றெட் கழகத்திடம் மேலதிக நேரத்திலே 4க்கு 1 எனத் தோற்றது. எட்டு ஆண்டுகளில் ஐந்து இறுதியாட்டங்கள். ஐந்திலும் கொலூனா ஆடினார். ஆகுவாஸ் 1963இல் விலகிய பின்னர் அணித்தலைமை அவருடையதாயிற்று. பென்பிக்காவிலே அவர் பெற்ற நாட்டுப் பட்டங்கள் 10. நாட்டுக் கிண்ணங்கள் 6. லிஸ்பன் மக்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'ஓ மொன்ஸ்த்ரோ சக்ராதோ' என்பது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'புனிதப் பூதம்' என்று வரும். மலைத்து வணங்கத்தக்க பேராற்றலர் என்பதே கருத்து.

1966ஆம் ஆண்டு

போர்த்துக்கல் உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டிக்கு முதன்முறை தெரிவானது 1966இலே. போட்டி நடந்தது இங்கிலாந்தில். அணித்தலைவர் கொலூனா. பயிற்றுநர் யார் என்று எண்ணுகிறீர்கள்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவரை முன்னிருந்து நடுவுக்கு இழுத்த அதே ஓட்டோ குளோரியா!

முதற் சுற்றிலே ஹங்கேரியை 3க்கு 1 எனவும், பல்கேரியாவை 3க்கு 0 எனவும், அதுவரை இருமுறை தொடர்ந்து உலகக் கிண்ணத்தை வென்றிருந்த பிரேசிலை 3க்கு 1 எனவும் போர்த்துக்கல் வென்றது. காலிறுதியில் எவரும் பொருட்படுத்தாத வடகொரியா எதிர்நின்றது. லிவர்பூல் நகரிலே ஆட்டம் தொடங்கி 25 நிமிடங்களுக்குள் வடகொரியா மூன்று கோல்களைப் போட்டுவிட்டது.

இத்தகைய வேளையிலே ஓர் அணி இரு வழிகளில் அழியும். ஒருவரையொருவர் பழித்துக்கொண்டு அழியும். அல்லது பதறி ஓடித் திசைமாறி அழியும். போர்த்துக்கல் இரண்டும் செய்யவில்லை. பந்து நடுவிலிருந்து ஒழுங்காக முன்னே சென்றுகொண்டேயிருந்தது. யூசேபியோ ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கோல்களைப் போட்டார். ஜொசே அவுகுஸ்தோ ஐந்தாவதைப் போட்டார். 5க்கு 3 என்று வெற்றி. அன்றைய புகழ் முழுவதும் யூசேபியோவுக்கே, அது நியாயமுமாகும். ஆயின் மூன்று கோல்களால் பின்தங்கிய அணி கலையாமல் நிற்பது ஒருவருடைய கால்வன்மையால் மட்டும் நிகழ்வதன்று.

அரையிறுதியில் இங்கிலாந்திடம் 2க்கு 1 எனத் தோற்று, சோவியத்து நாட்டை 2க்கு 1 என வென்று மூன்றாம் இடம் பெற்றது போர்த்துக்கல். யூசேபியோ அச்சுற்றுப்போட்டியிலே 9 கோல்களைப் போட்டு முதல்வரானார். கொலூனா ஒன்றும் போடவில்லை.

இரு நாடுகளுக்கு இடையில்

இவ்வரலாற்றிலே வேறொரு நடுவும் உண்டு. அதனை மறைப்பது அறமன்று.

1966இல் கொலூனா போர்த்துக்கலின் கொடியின்கீழ் வீரரை வழிநடத்தியபொழுது, அவர் பிறந்த மொசாம்பிக்கிலே போர் மூண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1964 செப்ரெம்பரிலே அங்கு விடுதலைப்போர் தொடங்கியிருந்தது. ஒருபுறம் போர்த்துக்கேயப் படை; மறுபுறம் அந்நாட்டு மைந்தர். லிஸ்பனிலே ஆட்சி செலுத்திய சலசார் அரசோ, ஆபிரிக்காவிலே பிறந்த வீரர்களைக் காட்டி, 'எம் ஆட்சியில் நிறவேற்றுமை இல்லை. கடல் கடந்த நாடுகளும் எம் நாடே' என்று உலகுக்கு உரைத்தது. யூசேபியோ, கொலூனா, ஹிலாரியோ, விசென்ரே ஆகிய நால்வரும் மொசாம்பிக்கிலே பிறந்தவர்கள். தாய்நாட்டிலே தம்மவர் உரிமையின்றி வாழ, அயல்நாட்டின் சட்டையை அணிந்து அதன் பெருமையைச் சுமப்பது எத்துணை இக்கட்டான நிலை!

இதற்காகக் கொலூனாவைக் குறை கூறுவோரும் உண்டு. கூறாது விடுவோரும் உண்டு. ஆட்டக்காரரின் காலில் அரசியலின் பாரத்தையும் ஏற்றுவது நேரிதா என்று நாம் எம்மையே கேட்டுக்கொண்டதுண்டு. அவருடைய பிற்கால வாழ்க்கையையே விடையாகக் கொள்வது நன்று என்று எமக்குத் தோன்றுகிறது.

1970இல் அவர் பென்பிக்காவை விட்டு நீங்கினார். அவ்வாண்டு டிசெம்பரிலே அவரைக் கௌரவிக்க நடந்த ஆட்டத்திற்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பெருவீரர்கள் வந்து ஆடினர். பிரான்சின் லியோன் கழகத்திலே ஒரு பருவம் ஆடிய பின்னர், போர்த்துக்கலின் சிறிய கழகம் ஒன்றிலே ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்தார். நாட்டின் சார்பில் 1955 முதல் 1968 வரை 57 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார். 1975 யூன் 25ஆந் திகதி மொசாம்பிக்கு விடுதலை பெற்றது. லிஸ்பனிலே தங்கிப் பழம்புகழின் நிழலில் இருந்துவிடுவது அவருக்கு எளிது. அவரோ பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். உள்நாட்டுப் போரும் வறுமையும் வாட்டிய அந்நாட்டிலே உதைபந்தாட்டத்தை வளர்க்கப் பாடுபட்டார். நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தலைவராகவும் விளங்கினார்.

2014 சனவரி 5ஆந் திகதி யூசேபியோ லிஸ்பனிலே மறைந்தார். ஏழு கிழமைகள் கழித்து, பெப்ருவரி 25ஆந் திகதி, கொலூனா மப்பூட்டோவிலே கண்ணை மூடினார். அவருக்கு வயது 78. தாயொருத்தி ஒப்படைத்த பிள்ளையை வழியனுப்பி வைத்துவிட்டுத் தாமும் புறப்பட்டவர் போல அவர் போனார்.

மாணவனுக்கு விடை

இனி, எம் மாணவனுடைய கேள்விக்கு வருவோம். நடுவிலே நிற்பவனை யாருக்குத் தெரியும்?

தம்பி, உன் கேள்வியில் உண்மை உண்டு. யூசேபியோவை அறிந்தவர் கோடி. கொலூனாவை அறிந்தவர் அதிற் சிறு பங்கினரே. நடுவிலே நின்றால் உலகம் உன்னை மாலையிட்டுக் கொண்டாடும் என்று உனக்குப் பொய் சொல்ல நாம் வரவில்லை. சில வேளை அது உன்னைக் காணாமலே போய்விடும். வீட்டிலே தாயின் உழைப்பையும், வகுப்பிலே பின்தங்கிய தோழனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளையையும் உலகம் காணாமற் போவதில்லையா? அதுபோலவே இதுவும்.

ஆயின் ஒன்றைக் கவனி. அம்ஸ்ரர்டாமிலே யூசேபியோ அனுமதி கேட்டது யாரிடம்? பயிற்றுநரிடமன்று, ஆரவாரம் செய்த கூட்டத்திடமுமன்று. அவருடைய தாயார் நம்பியது யாரை? கோல் போடுவதிலே புகழ் பெற்ற ஒருவரையன்று. பொறுப்பை ஒப்படைக்கத் தக்க ஒருவரை. நடுவிலே நிற்பவனை யாருக்குத் தெரியும் என்று கேட்டாய். அவனோடு ஆடும் பத்துப் பேருக்கும் தெரியும். அவனைக் கண்டு அஞ்சும் எதிரணிப் பதினொருவருக்கும் தெரியும். கூட்டத்தின் கைதட்டல் வீடு போகுமுன் ஓய்ந்துவிடும். அவ்விருபத்தொருவரின் மதிப்போ ஆயுளளவும் நிற்கும்.

நாளை மாலை நாம் மீண்டும் மைதானத்துக்குப் போவோம். உன்னை அழைத்து, அன்று விடை சொல்லாமல் அனுப்பியதற்கு வருந்துகின்றோம் என்று முதலிற் கூறுவோம். அதன் பின்னும் நீ முன்னுக்கு ஆடவே விரும்பினால், உன் ஆசிரியரிடம் உனக்காகப் பரிந்து பேசவும் நாம் ஆயத்தமே. ஆனால் ஓர் ஆட்டம், ஒரேயோர் ஆட்டம், நடுவிலே நின்று பார். பந்து உன்னிடம் வருமுன் தலையை நிமிர்த்தி உன் தோழர் எங்கெங்கே நிற்கின்றனர் என்று பார். எவனுக்கு அது வேண்டுமோ அவனுக்குக் கொடு. அவன் கோல் போட்டு ஓடிவரும்பொழுது முதலில் யாரைத் தேடி ஓடிவருகிறான் என்பதை நீயே கண்டுகொள்வாய்.